கெட்சர் முனையில் ஒரு மோட்டார்

டென்மார்க்கின் தென்கோடி ஃபால்ஸ்டர் தீவில் இருக்கிறது. கெட்சர் என்ற சின்ன ஊர். அதைத் தாண்டினால் பால்டிக் கடல்தான். 1957 ஜூலையில் அந்த ஊரில் ஒரு காற்றாலை ஓடத் தொடங்கியது. கான்கிரீட் கோபுரம், 24 மீட்டர் விட்டத்தில் சுழலும் மூன்று இறக்கைகள், அவற்றை ஒன்றோடொன்று இழுத்துக் கட்டிய கம்பிகள், 200 கிலோவாட் திறன். இன்றைய கணக்கில் மிகச் சிறியது. ஆனால் தமிழ்நாட்டின் முப்பந்தலிலும் கயத்தாறிலும் முதல் தலைமுறையில் நின்ற காற்றாலைகள் பெரும்பாலானவற்றின் வம்சாவளியைத் தேடிப் போனால் கெட்சருக்குத்தான் போய்ச் சேருவோம்.

காற்றாலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இறக்கையைப் பற்றியே அதிகம் எழுதுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. கெட்சரின் மூன்று இறக்கைகளும் பிற்காலத்துக்கு வழிகாட்டின, உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய முடிவு ஒன்று கோபுரத்தின் உச்சியில், வெளியே தெரியாத இடத்தில் எடுக்கப்பட்டிருந்தது. ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்கே இருந்தது, அடிப்படையில், ஒரு மோட்டார். ஆலைகளிலும் வயல் கிணறுகளிலும் ஓடுகிற அதே வகை இண்டக்‌ஷன் மோட்டார். அதைப் பின்னாலிருந்து தள்ளி மின்சாரம் எடுத்தார்கள். காற்றாலை மின்சாரம் மலிவாகப் பரவியதற்கும், பின்னாளில் மின்தொகுப்புக்கே தலைவலியானதற்கும் காரணம் அந்த ஒரே முடிவு.

கெட்சருக்கு அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே டென்மார்க்கில் காற்றில் மின்சாரம் எடுத்துவிட்டார்கள். ஆஸ்கோவ் என்ற ஊரின் மக்கள் உயர்கல்விப் பள்ளியில் ஆசிரியராக இருந்த போல் லா கூர், 1891-இல் சோதனைக் காற்றாலை ஒன்றை நிறுவி அதில் டைனமோவைப் பூட்டினார். கிராமத்து மக்களுக்கும் விளக்கு வேண்டும், நகரத்தோடு அது நின்றுவிடக் கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. அவர் எடுத்தது நேர்மின்சாரம். காற்று கூடினாலும் குறைந்தாலும் பெரிய கவலை இல்லை. வருவதை பேட்டரியில் சேர்க்கலாம். அவரோ தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதைத் தொட்டியில் சேமித்துப் பள்ளிக்கூடத்தில் விளக்கெரித்தார். கிராமங்களில் மின்சார வேலை பார்க்க இளைஞர்களைத் தயார்செய்யும் வகுப்புகளையும் நடத்தினார். 1904-இல் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் யோஹன்னஸ் யூல். வயது பதினேழு.

யூல் அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதியை மின்சார வேலையிலேயே கழித்தார். தென்கிழக்கு ஜீலந்துப் பகுதிக்கு மின்சாரம் தந்த சியாஸ் நிறுவனத்தில் பணி. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் அறுபது வயதில், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அவர் மறுபடி காற்றின் பக்கம் திரும்பினார். போரின்போது டென்மார்க்குக்கு எரிபொருள் வரத்து சுருங்கியது. பழைய காற்றாலைகள் மறுபடி ஓடின, புதியவையும் எழுந்தன. அவை பெரும்பாலும் நேர்மின்சாரம் கொடுத்தவை. நாடோ மாறுதிசை மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. காற்றாலைக்கு எதிர்காலம் வேண்டுமென்றால் மாறுதிசை மின்தொகுப்பில் அது இணைந்தாக வேண்டும். யூல் கையில் எடுத்தது இந்தக் கேள்வியை.

கேள்வி சாதாரணமானதில்லை. அனல்மின் நிலையத்திலும் நீர்மின் நிலையத்திலும் இருப்பது சிங்க்ரனஸ் ஜெனரேட்டர். 50 ஹெர்ட்ஸ் மின்தொகுப்பில் நான்கு துருவ இயந்திரம் நிமிடத்துக்குச் சரியாக 1500 சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இணைக்கும் நொடியில் வேகம், வோல்டேஜ், அலையின் நிலை மூன்றும் பொருந்த வேண்டும். நீராவியை வால்வு வைத்து அளந்து விடலாம். மதகைத் திறந்து மூடித் தண்ணீரை அளக்கலாம். காற்றுக்கு வால்வு கிடையாது. ஒரு பலத்த வீச்சு வந்தால் இறக்கை முறுக்கும், அந்த முறுக்கு அச்சு வழியாக ஜெனரேட்டரில் போய் இடிக்கும். அது விட்டுக்கொடுக்காது. ஒன்று கியரின் பல் தேயும், அல்லது அச்சு திணறும், அல்லது ஜெனரேட்டர் தாளம் தப்பிப் போகும்.

இந்த வழியில் துணிந்து போனவர்களும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு குன்றின் மேல் 1941-இல் ஸ்மித்-புட்னம் காற்றாலை சிங்க்ரனஸ் ஜெனரேட்டரோடு மின்தொகுப்பில் இணைந்தது. 1250 கிலோவாட். அந்தக் காலத்துக்கு மலைப்பான அளவு. முறுக்கைத் தணிக்க நடுவே ஹைட்ராலிக் இணைப்பு, இறக்கையின் கோணத்தைத் திருப்பும் ஏற்பாடு என்று ஏராளமான நுட்பங்கள். 1945 மார்ச்சில் இறக்கை ஒன்று முறிந்து பறந்ததோடு அந்த முயற்சி முடிந்துபோனது. மறுபுறம், சோவியத் நாட்டின் பாலக்லாவாவில் 1931-லேயே 100 கிலோவாட் காற்றாலை ஒன்றை இண்டக்‌ஷன் ஜெனரேட்டரோடு மின்தொகுப்பில் இணைத்திருந்தார்கள். போரில் அது அழிந்தது. ஆகவே யோசனையைப் பொறுத்தவரை யூல் முதலாமவர் இல்லை. யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய, பழுது பார்க்கக்கூடிய ஒரு பொருளாக அதை ஆக்கிக் காட்டியதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

அந்த மோட்டாரைச் சற்று அருகில் பார்ப்போம். கிணற்றடியில் நிற்கிற மூன்று ஃபேஸ் மோட்டாரின் பெயர்ப்பலகையைத் துடைத்துப் பாருங்கள். நான்கு துருவ மோட்டாராக இருந்தால் 1440 என்பதுபோல ஓர் எண் இருக்கும். 1500 இருக்காது. ஸ்டேட்டர் சுருளில் உண்டாகும் காந்தப்புலம் 1500-இல் சுழல்கிறது. உள்ளே இருக்கிற ரோட்டருக்கு வெளியிலிருந்து எந்தக் கம்பியும் வராது. இரும்புக்குள் பதித்த அலுமினியம் அல்லது செம்புக் கம்பிகள், இரண்டு முனையிலும் வளையம் வைத்து இணைத்தவை, அவ்வளவுதான். ரோட்டர் கொஞ்சம் பின்தங்கினால்தான் காந்தப்புலம் அந்தக் கம்பிகளைக் கடந்து செல்லும். கடந்தால்தான் அதில் மின்னோட்டம் எழும். மின்னோட்டம் எழுந்தால்தான் இழுவை வரும். இந்தப் பின்தங்கலைத்தான் ஸ்லிப் என்கிறோம். லோடு கூடக் கூட ஸ்லிப் கூடும்.

இப்போது அதே மோட்டாரின் அச்சை வெளியிலிருந்து யாரோ பிடித்துத் தள்ளி 1500-ஐத் தாண்டவைத்தால்? 1515-க்கோ 1520-க்கோ போகிறது என்று வையுங்கள். ரோட்டர் காந்தப்புலத்தை முந்துகிறது. கம்பிகளில் எழும் மின்னோட்டம் திசை மாறுகிறது, இழுவை எதிர்ப்பாகிறது. வாங்கிக்கொண்டிருந்த மோட்டார் கொடுக்க ஆரம்பிக்கிறது. எந்த சுவிட்சையும் மாற்ற வேண்டியதில்லை. காற்று ஓய்ந்தால் அதுவாகவே மீண்டும் மோட்டாராகிவிடும்.

கோயில் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுக்கிறார்கள். புதிதாக ஒருவர் வந்து வடத்தைப் பிடித்தால் தேர் அவர் வேகத்துக்குப் போவதில்லை. அவர்தான் தேரின் வேகத்துக்கு நடக்க வேண்டும். அவர் பலம் தேருக்குச் சேரும், வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. யூலின் காற்றாலை மின்தொகுப்பில் சேர்ந்தது இப்படித்தான். தாளம் பொருத்த வேண்டியதில்லை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டியதில்லை. காற்று வீசி இறக்கை ஏறக்குறைய சரியான வேகத்துக்கு வந்ததும் சுவிட்சைப் போட்டால் போதும். மீதியை மின்தொகுப்பு பார்த்துக்கொள்ளும். பலத்த வீச்சு வந்தால் ஸ்லிப் சற்றே கூடி அதிர்வைத் தாங்கிக்கொள்ளும்.

இதோடு இன்னொன்றையும் யூல் சேர்த்தார். அவர் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இறக்கை ஒரே வேகத்தில் சுற்றுகிறது என்று மின்தொகுப்பு உறுதி கொடுத்துவிட்டது. அப்படியானால் காற்றின் வேகம் கூடக் கூட, இறக்கையின் மீது காற்று படும் கோணம் செங்குத்தாகிக்கொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் காற்று இறக்கையின் முதுகை விட்டு விலகிக் கலைந்துவிடும், தூக்குவிசை சரிந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்பார்கள். விமானத்துக்கு இது ஆபத்து. காற்றாலைக்கு இதுவே கடிவாளம். இறக்கையைத் திருப்பும் இயந்திரம் எதுவும் இல்லாமலே, புயல்காற்றிலும் திறன் வரம்பைத் தாண்டாது. மின்சாரத்தில் எடுத்த முடிவும் இறக்கையில் எடுத்த முடிவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் மற்றது விழுந்துவிடும்.

விழவும் கூடும் என்பது அவருக்குத் தெரியும். லைன் போனால், வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கை போய்விட்டது என்று பொருள். இறக்கை கட்டுக்கடங்காமல் சுற்றத் தொடங்கும். அதற்காக ஒவ்வொரு இறக்கையின் நுனியையும் தனியாகத் திரும்பும்படி அமைத்தார். வேகம் எல்லை மீறியதும் நுனிகள் குறுக்கே திரும்பிக் காற்றைத் தடுத்து வேகத்தைத் தணிக்கும். பின்னாளில் டென்மார்க்கிலிருந்து வந்த சிறிய காற்றாலைகள் பலவற்றில் இந்த நுனி பிரேக் இருந்தது.

1950-இல் வெஸ்டர் எகெஸ்போரில் இரண்டு இறக்கைகள் கொண்ட சிறிய சோதனை இயந்திரம், பிறகு பொகோ தீவில் பழைய நேர்மின்சாரக் காற்றாலை ஒன்றை மாற்றிக் கட்டிய மூன்று இறக்கை இயந்திரம், கடைசியில் மார்ஷல் திட்ட நிதியின் உதவியோடு கெட்சர். கெட்சர் காற்றாலை பத்து ஆண்டுகள் பெரிய பழுதில்லாமல் ஓடி, ஏறக்குறைய 22 லட்சம் யூனிட் மின்சாரம் கொடுத்தது. ஆனாலும் 1967-இல் நிறுத்திவிட்டார்கள். கச்சா எண்ணெய் அவ்வளவு மலிவாகக் கிடைத்த காலம் அது. காற்று மின்சாரத்தின் விலை கட்டுப்படியாகாது என்று நாட்டின் காற்றாற்றல் குழு 1962-லேயே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தது. யூல் 1969-இல் காலமானார். தம் இயந்திரத்துக்கு வாரிசுகள் வரப்போவதை அவர் பார்க்கவில்லை.

வாரிசுகளைக் கொண்டுவந்தது 1973-இன் எண்ணெய் நெருக்கடி. டென்மார்க் தன் எரிசக்தியில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. பல்கலைக்கழகங்களும் அரசும் பெரிய இயந்திரங்களைப் பற்றித் திட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர், கெட்சரை முன்மாதிரியாக வைத்து 22 கிலோவாட் காற்றாலையைத் தாமே செய்தார். கடையில் கிடைக்கும் மோட்டார், சந்தையில் கிடைக்கும் கியர்பாக்ஸ். சிங்க்ரனஸ் ஜெனரேட்டர்தான் வேண்டும் என்ற நிலை இருந்திருந்தால் ஒரு தச்சர் இந்தத் தொழிலுக்குள் வந்திருக்க முடியாது. அவரைத் தொடர்ந்து சிறு பட்டறைகள் வந்தன. வேளாண் கருவிகள் செய்துகொண்டிருந்த வெஸ்டாஸ் போன்றவை வந்தன. நிறுத்திவைத்த கெட்சர் காற்றாலையையே 1977-இல் அமெரிக்க உதவியோடு மறுபடி ஓட்டி அளவுகள் எடுத்தார்கள். மூன்று இறக்கை, காற்றை முன்னிருந்து வாங்கும் அமைப்பு, இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், நேரடி கிரிட் இணைப்பு என்ற இந்த வடிவம் ‘டேனிஷ் முறை’ என்றே பெயர் பெற்றது. கலிபோர்னியாவின் மலைக் கணவாய்களில் ஆயிரக்கணக்கில் நின்றது.

1986-இல் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு தொடங்கியது. பிறகு டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவியோடு கயத்தாறிலும் முப்பந்தலிலும் பண்ணைகள் எழுந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை அடிக்கும் அடியை அந்தப் பக்கத்துக்காரர்களிடம் கேட்க வேண்டும். நின்று பேச முடியாது. அந்த ஊர்க்காரர்கள் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடி என்கிறார்கள்.

பழைய காத்தாடி ஒன்றின் அடியில், கோபுரத்துக்குள் இருக்கும் கன்ட்ரோல் பேனல் முன்னால் நின்றால் யூலின் முடிவு ஒவ்வொரு நாளும் நடப்பதைப் பார்க்கலாம். காற்று வினாடிக்கு நான்கு மீட்டரைத் தொடும்போது பிரேக் விடுபடுகிறது. இறக்கை சோம்பலாகத் தொடங்கி வேகம் பிடிக்கிறது. திரையில் ஜெனரேட்டரின் சுற்று 1300, 1400 என்று ஏறுகிறது. 1500-ஐ நெருங்கும்போது தைரிஸ்டர்கள் என்ற மின்னணு சுவிட்சுகள் மெல்ல மெல்ல மின்சாரத்தை உள்ளே விடுகின்றன. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இயந்திரம் காந்தமாவதற்காக ஒரே வாயில் இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்து, அந்த ஃபீடரில் இருக்கும் வீடுகளின் விளக்கையெல்லாம் மங்கவைக்கும். சில நொடிகளில் காண்டாக்டர் சத்தத்தோடு விழுகிறது. கிலோவாட் எண் பூஜ்யத்திலிருந்து மேலே போகிறது. அதன் பக்கத்திலேயே இன்னோர் எண்ணும் ஏறுகிறது. கதையின் இரண்டாம் பாதி அந்த எண்ணில் இருக்கிறது.

அந்த எண் ரியாக்டிவ் பவர். ரோட்டருக்கு வெளியிலிருந்து கம்பி இல்லை என்று சொன்னேன். அப்படியானால் காந்தப்புலத்தை உண்டாக்க யார் மின்சாரம் கொடுப்பது? மின்தொகுப்புதான். மோட்டாராக ஓடினாலும் ஜெனரேட்டராக ஓடினாலும் இந்த இயந்திரம் காந்தமாவதற்கான ரியாக்டிவ் பவரை வெளியிலிருந்து இழுத்தே தீரும். கபாசிட்டர் எதுவும் இல்லாமல் முழுத் திறனில் ஓடும்போது, கொடுக்கும் ஆக்டிவ் பவரில் கிட்டத்தட்டப் பாதி அளவுக்கு ரியாக்டிவ் பவரை அது வாங்கிக்கொள்ளும். யூனிட் கொடுக்கிறது, வோல்டேஜைச் சாப்பிடுகிறது. பெரிய மின்தொகுப்பில் ஓர் இயந்திரம் என்றால் யாருக்கும் தெரியாது. நகரத்திலிருந்து தள்ளி, மெல்லிய லைனின் கடைசியில், நூற்றுக்கணக்கில் நின்றால் தெரியும். கலிபோர்னியாவின் டெஹாச்சப்பியில் 66 கிலோவோல்ட் லைன்கள் இந்தச் சிக்கலில் மாட்டின. நம் தென்மாவட்டங்களிலும் அதே கதைதான். போதாக்குறைக்கு அதே பகுதியின் வயல் மோட்டார்களும் அதே இனம், அதே பசி. காற்றாலை இழுக்கும் ரியாக்டிவ் பவருக்குத் தமிழ்நாட்டில் தனிக் கட்டணம் விதிக்க வேண்டிய நிலை வந்தது இப்படித்தான்.

கபாசிட்டர் வைத்தால் தீராதா? பாதி தீரும். கபாசிட்டர் அந்த இடத்திலேயே ரியாக்டிவ் பவரைக் கொடுக்கும். ஆனால் முழுத் தேவைக்கும் வைத்துவிட்டால் வேறோர் அபாயம் காத்திருக்கிறது. சப்ஸ்டேஷனில் லைன் ட்ரிப் ஆகிறது என்று வையுங்கள். மின்தொகுப்பு போய்விட்டது, ஆகவே காந்தமும் போய், ஜெனரேட்டரும் அடங்க வேண்டும். ஆனால் பக்கத்தில் இருக்கும் கபாசிட்டரே காந்தத்துக்கு வேண்டியதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் இயந்திரம் தன்னைத்தானே கிளப்பிக்கொண்டு ஓடும். பிடித்துவைக்க யாரும் இல்லாததால் வேகமும் வோல்டேஜும் சேர்ந்து எகிறும். கருவிகள் எரியும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. அதனால் இயந்திரம் லோடு இல்லாமல் ஓடும்போது இழுக்கும் அளவுக்கு மட்டுமே கபாசிட்டர் வைப்பது வழக்கமாயிற்று. மீதிக்குக் கிரிட்டைத்தான் நம்ப வேண்டும்.

கிரிட்டின் வேகத்துக்கே நடக்கிற இயந்திரம் என்பதால் கிரிட்டின் நோயும் அதற்குத் தொற்றும். தென்னிந்திய மின்தொகுப்பு தனியாக இருந்த காலத்தில், பற்றாக்குறை மிகுந்த நாட்களில் ஃப்ரீக்வென்சி 48 ஹெர்ட்ஸ் வரை இறங்கியது உண்டு. அப்போது 1500 என்பது 1440 ஆகிவிடுகிறது. இறக்கையும் அதே விகிதத்தில் மெதுவாகச் சுற்றுகிறது. யூல் கடிவாளமாக வைத்த ஸ்டால், எதிர்பார்த்ததற்கு முன்பே, குறைந்த காற்றிலேயே வந்துவிடுகிறது. நல்ல காற்று அடிக்கும் நாளில், மின்சாரம் மிகவும் தேவைப்படும் வேளையில், இயந்திரம் தன் முழுத் திறனை எட்டாது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னகம் நாட்டின் மற்ற மின்தொகுப்போடு இணைந்தபிறகு இந்தத் தொல்லை பெருமளவு தணிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கில் நடக்கிறது. எங்கோ ஒரு லைனில் மரக்கிளை விழுகிறது, ஷார்ட் ஆகிறது. காற்றாலை இருக்கும் இடத்தில் வோல்டேஜ் 20 சதவீதத்துக்கு இறங்குகிறது என்று வைப்போம். இண்டக்‌ஷன் இயந்திரத்தின் பிடிப்பு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆகவே அது 4 சதவீதமாகிவிடுகிறது. காற்றுக்கு இதெல்லாம் தெரியாது, அது தள்ளிக்கொண்டே இருக்கிறது. பிடி விட்ட ரோட்டர் வேகம் கூட்டுகிறது. சுமார் 100 மில்லிசெகண்டில் பிரேக்கர் பழுதான லைனைப் பிரித்துவிடுகிறது, வோல்டேஜ் திரும்பி வர முயல்கிறது. ஆனால் ரோட்டர் அதற்குள் வெகுதூரம் முந்திப்போயிருந்தால், ஸ்லிப் பெரிதாகி, அது முன்னைவிடப் பல மடங்கு ரியாக்டிவ் பவரை இழுக்கிறது. அந்த இழுவையே வோல்டேஜை எழவிடாமல் அழுத்துகிறது. வோல்டேஜ் எழாததால் பிடிப்பு வருவதில்லை, பிடிப்பு வராததால் வேகம் இன்னும் கூடுகிறது. பக்கத்து இயந்திரங்களும் சேர்ந்து சரிகின்றன.

இதைத் தவிர்க்க ஆரம்பகால விதி ஒன்றுதான்: வோல்டேஜ் விழுந்தால் காற்றாலை உடனே ட்ரிப் ஆகிவிட வேண்டும். எண்ணிக்கை குறைவாக இருந்தவரை அது நியாயமான விதி. வடக்கு ஜெர்மனியில் காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது அதே விதி பயங்கரமாகிவிட்டது. ஒரே ஷார்ட், ஒரே நொடியில் பெரிய மின்நிலையங்கள் பல சேர்ந்து விழுவதற்குச் சமமான இழப்பு. ஜெர்மனியின் ஈ.ஆன் நெட்ஸ் நிறுவனம் 2003-இல் தன் கிரிட் விதிகளில் இதைத் திருப்பிப் போட்டது. வோல்டேஜ் விழுந்தாலும் காற்றாலை தொடர்பை விடக் கூடாது, தாக்குப்பிடித்து நிற்க வேண்டும். இந்தியாவில் மத்திய மின்சார ஆணையம் 2013-இல் கொண்டுவந்த விதித் திருத்தமும் இதையே கேட்டது. 66 கிலோவோல்ட்டிலோ அதற்கு மேலோ இணையும் காற்றாலை, வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு விழுந்தாலும் 300 மில்லிசெகண்ட் தாங்க வேண்டும்.

கெட்சரின் மோட்டாரால் இது ஆகாது. அதற்குள் வேறு இயந்திரங்கள் வந்திருந்தன. ஜெர்மனியில் எனர்கான் நிறுவனம் கியர்பாக்ஸே இல்லாத சிங்க்ரனஸ் ஜெனரேட்டரை வைத்து, மொத்த மின்சாரத்தையும் எலெக்ட்ரானிக் கன்வர்ட்டர் வழியாக அனுப்பியது. டி.எஃப்.ஐ.ஜி. என்ற வகையில் ரோட்டருக்கும் சுருள் கொடுத்து, அதை ஒரு கன்வர்ட்டரோடு இணைத்தார்கள். மொத்தத் திறனில் சுமார் 30 சதவீத அளவுள்ள கன்வர்ட்டரே போதும், காற்றுக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளலாம், ரியாக்டிவ் பவரை வாங்கவும் கொடுக்கவும் செய்யலாம். விலைக்கும் பயனுக்கும் இடையிலான இந்த நடுவழிதான் இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. மின்தொகுப்பின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற காற்றாலை இப்போது அதற்கு வோல்டேஜ் கொடுத்துத் தாங்கும் நிலைக்கு வந்தது.

ஆனாலும் கன்வர்ட்டர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது தவறு. 2016 செப்டம்பர் 28-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. அடுத்தடுத்து பலமுறை வோல்டேஜ் சரிந்தது. காற்றாலைகள் முதல் சில சரிவுகளைத் தாக்குப்பிடித்தன. ஆனால் இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் பின்வாங்கு என்று அவற்றின் மென்பொருளில் ஓர் எண் இருந்தது. அது மின்தொகுப்பை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சில நொடிகளில் 456 மெகாவாட் குறைந்தது. பக்கத்து மாநிலத்தோடு இணைத்த லைன் சுமை தாங்காமல் பிரிய, மாநிலம் முழுவதும் இருண்டது. காற்று அன்று குறையவில்லை, இயந்திரமும் உடையவில்லை. பிறகு அந்த எண்ணை மாற்றினார்கள்.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் யூலின் வழியில் வந்த பழைய சிறிய இயந்திரங்கள் இன்னும் கணிசமாக இருக்கின்றன, நாட்டிலேயே மிகச் சிறந்த காற்று அடிக்கும் இடங்களில். அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றை வைப்பதற்கான கொள்கையை மாநில அரசு 2024-இல் வெளியிட்டது. அந்த மாற்றம் நடக்கும்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை யூனிட் கூடும்? கேட்க வேண்டியதுதான். கூடவே இன்னும் மூன்றைக் கேளுங்கள். இந்த இயந்திரம் ரியாக்டிவ் பவரைக் கொடுக்குமா, வாங்குமா? வோல்டேஜ் விழும்போது தாக்குப்பிடிக்குமா, பின்வாங்குமா? எத்தனை முறை தாக்குப்பிடிக்கும் என்பதை லோடு டெஸ்பாட்ச் மையத்துக்குச் சொல்லியிருக்கிறார்களா? இவற்றுக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.